துயிலிடை மூச்சொழிவு

தமிழில் ‘துஞ்சுதல்’ என்னும் சொல் இருபொருள் பயப்பது. உறங்குதலும் துஞ்சுதலே, இறத்தலும் துஞ்சுதலே. பண்டைத் தமிழரசர் சிலர் தாம் உயிர்நீத்த இடத்தாற் பெயர்பெற்று, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றும் வழங்கப்படுதலை இலக்கிய மாணவர் யாவரும் அறிவர். திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் சாக்காட்டுக்கு உறக்கத்தையே உவமையாக்கினார். உறங்குவான் ஒருவனுடைய மூச்சு இடையே நின்றுபோவதும், சிறிது பொழுதிற்குப் பின் மீள்வதும், இங்ஙனம் ஓரிரவில் நூறுமுறைக்கு மேலும் நிகழ்வதுமாகிய ஒரு நோய் உண்டு என்பதை மருத்துவ நூலார் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளியக் கண்டனர். அந்நோயை அவர் கண்டவாறும், அதனை வகுத்தவாறும், அவ்வகுப்பினால் நோயாளர்க்கு விளைந்த பயனும் ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்படும்.

இலக்கியம் பயிலும் மாணாக்கன் மருத்துவம் பேசப் புகுந்தது யாதுபற்றி என நண்பர்கள் வினவக்கூடும். என் தந்தையார் ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர். பிற்பகல் வகுப்புக்களில் நாற்காலியில் அமர்ந்தவாறே உறங்கிவிடுவார். கூட்டங்களிலும், உணவுண்ணும்போதும், பேசிக்கொண்டிருக்கும்போதே கூட உறங்குவார். ஊரார் அவருக்குத் ‘தூங்குமூஞ்சி வாத்தியார்’ எனப் பட்டம் சூட்டினர். அப்பட்டம் கேட்டு நகைத்தவருள் யானும் ஒருவன். அவர் சோம்பர் அல்லர், நோயாளர் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். அறிந்த பின்னர்க் கற்றவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

பெயர்

மூச்சு இன்மை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்று ‘அப்னியா’ என்னும் பெயர் பிறந்தது. இதனைத் தமிழில் ‘மூச்சடைப்பு’ என்றும் ‘மூச்சுத் திணறல்’ என்றும் சிலர் வழங்குவர். அடைப்பு என்பது நோயின் ஒரு வகைக்கே பொருந்தும். அடைப்பு யாதும் இன்றியே மூச்சு நின்றுபோகும் வகையும் உண்டு. திணறல் என்பதோ நோயாளன் அறிந்து படும் துன்பத்தைக் குறிப்பது. இந்நோயாளருட் பெரும்பாலார் தமக்கு நேர்வதை அறியவே மாட்டார். காரணத்தையும் துன்பத்தையும் சுட்டாது நிகழ்ச்சியை மட்டும் சுட்டும் பெயரே இரு வகைக்கும் பொதுவாதல் கூடும். ஆதலின் இக்கட்டுரையில் ‘மூச்சொழிவு’ என்னும் சொல்லையே ஆளுகின்றேன்.

கண்டறிந்த வரலாறு

இந்நோயை முதலிற் கண்டு எழுதியவருள் மருத்துவரும் உளர். கதையாசிரியர் ஒருவரும் உளர். 1818ஆம் ஆண்டில் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் மருத்துவம் புரிந்த ஜான் செயின் என்பார், இறக்குந் தறுவாயிலிருந்த அறுபது வயதினர் ஒருவருடைய மூச்சைக் கூர்ந்து நோக்கி எழுதினார். மூச்சு ஏறத்தாழக் கால் நிமிடம் அறவே நின்றது. பின் மெல்லத் தொடங்கி, வரவரப் பெருகி, விரைந்து, மீண்டும் படிப்படியாக மெலிந்து நின்றது. அதே நகரத்து மருத்துவராகிய வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் இதனை விரித்துரைத்தார். இருவர் பெயராலும் ‘செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு’ என இன்றும் அது வழங்குகின்றது.

1836, 1837 ஆகிய ஆண்டுகளில் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் ஆங்கிலக் கதையில், சார்லஸ் டிக்கன்ஸ் ஜோ என்னும் பணியாள் ஒருவனைப் படைத்தார். அவன் மிகப் பருத்தவன், முகஞ் சிவந்தவன், ஏவிய வேலைக்குச் செல்லும்போதும் உறங்குவான், உணவு மேசையருகே பணிசெய்து நிற்கும்போதே குறட்டை விடுவான். படிப்போர் நகைத்தற்கென்றே அவன் படைக்கப்பட்டான். எனினும் கதையாசிரியரின் கண் எத்துணைக் கூரியது என்பதை மருத்துவர் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வியந்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவராகிய பர்வெல் என்பாரும் அவருடன் உழைத்த மூவரும் ஒரு நோயாளரின் வரலாற்றை வெளியிட்டு, அந்நிலைக்குப் ‘பிக்விக்கியன் நோய்க்கூட்டம்’ எனப் பெயரிட்டனர். அந்நோயாளர் 260 இராத்தலுக்கு மேற்பட்ட எடையினர். அவர் மருத்துவமனைக்குச் சென்ற காரணம் வியப்பிற்குரியது. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்திருந்தும், அவற்றை ஆடாமல் உறங்கிவிட்டாராம்! அதன் பின்னரே தமக்கு நோய் உண்டென உணர்ந்தார்.

பருமனால் மூச்சின் அளவு குறைந்து, இரத்தத்திற் கரியமிலவாயு மிகுந்து, அந்நஞ்சே உறக்கத்தை விளைக்கின்றது எனப் பர்வெல் முதலியோர் கருதினர். இக்கருத்துப் போதாது என்பது 1965இல் வெளிப்பட்டது. பிரான்சு நாட்டு மார்செய் நகரில் காஸ்டோ, டாசினாரி, டூரோன் என்னும் மூவரும், ஜெர்மனி நாட்டு பிரைபர்க் நகரில் யுங், கூலோ என்னும் இருவரும், தனித்தனியே இத்தகைய நோயாளரை இரவு முழுதும் கருவிகளாற் கண்காணித்தனர். உறங்கும்போது மூச்சு மீண்டும் மீண்டும் நின்றது. நிற்குந்தோறும் மூளை விழித்தது. விழித்த பின்னரே மூச்சு மீண்டது. இரவில் நூறு துண்டாக வெட்டுண்ட உறக்கமே பகலுறக்கத்திற்குக் காரணம் என்பது இதனால் விளங்கியது. பகலிலே காணப்பட்ட நோய்க்கு இரவிலே விடை கிடைத்தது.

1976இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிலிமினோ, டில்கியன், டிமென்ட் என்பார், இந்நோய் பருத்தவரிடத்து மட்டும் உள்ளதன்று என்பதைக் காட்டி, ‘துயிலிடை மூச்சொழிவு நோய்க்கூட்டங்கள்’ எனப் பன்மையாற் பெயரிட்டனர். ஏழு மணிநேர உறக்கத்தில் முப்பது ஒழிவாயினும் நிகழ்வதே நோயென எல்லையும் வகுத்தனர்.

மூச்சு நிற்குமாறு

வகைகளை அறியுமுன் தொண்டையின் அமைப்பைச் சிறிது நோக்குவாம். தொல்காப்பியனார் பிறப்பியலில் எழுத்தொலி பிறத்தற்குரிய உறுப்புக்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை எண்ணினார். பேச்சாகி வெளிப்படும் காற்றும், உயிர்காக்கும் மூச்சும் ஒரே வழியில் இயங்குவன. அவ்வழியில் வன்மையான அண்ணத்திற்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட பகுதி எலும்பின் தாங்குதல் இல்லாதது. மென்றசையாலான குழாய் போன்றது. நாவும் மெல்லண்ணமும் பலவாறு அசைந்து எழுத்துக்களைத் தோற்றுவித்தற்கு இந்நெகிழ்ச்சியே துணை. மக்கள் பேசுதற்கென அமைந்த இந்நெகிழ்ச்சியே உறக்கத்தில் அக்குழாய் மடங்குதற்கும் இடந்தந்தது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

விழித்திருக்கும்போது நாவடித் தசை முதலியன ஓயாது இழுத்துப் பிடித்து அவ்வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளரும். மார்பு விரிந்து காற்றை உள்ளிழுக்கும்போது குழாயினுள் உறிஞ்சுவிசை தோன்றும். வழி அகன்றதாயின் தளர்ச்சியால் தீங்கில்லை. சிறிது குறுகியதாயின் மென்றசைகள் அதிர்ந்து குறட்டையொலி எழும். பின்னும் குறுகியதாயின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், காற்றுப் புகாது. அப்போது குறட்டையும் நிற்கும். அருகில் இருப்போர், ‘ஒலி அடங்கியது, நன்றாக உறங்குகின்றார்’ என்று மகிழ்வர். உண்மையில் அவ்வமைதியே இடர்க்காலம். மார்பும் வயிறும் காற்றின்றிப் போராடும்; இரத்தத்திற் பிராணவாயு குறையும்; கரியமிலவாயு மிகும்; மூளை இதனை உணர்ந்து ஓரிரு நொடி விழிக்கும்; தசைகள் இறுகி வழி திறக்கும்; பெருஞ்சீற்றத்துடன் மூச்சு மீளும். உடனே மீண்டும் உறக்கம். காலையில் இவற்றுள் ஒன்றும் நினைவில் இராது.

தொகை

எந்நூற்பொருளையும் தொகை, வகை, விரி என்னும் முறையாற் கூறுதல் நம் இலக்கண நூலார் மரபு. மருத்துவ நூலாரும் அம்முறையையே கைக்கொண்டனர். எனினும் எதனை அடியாகக் கொண்டு தொகுப்பது என்பதில் அவர்கள் பன்முறை தம் கருத்தை மாற்றினர். அவ்வரலாறு இலக்கண மாணவர்க்குச் சுவை பயப்பது.

1979இல் அமெரிக்கர் வெளியிட்ட முதற்பாகுபாடு, நோயாளர் கூறும் குறையை அடியாகக் கொண்டது. உறக்கம் வரவில்லை என்பார் ஒரு தொகுதி. உறக்கம் மிகுதி என்பார் மற்றொரு தொகுதி. மூச்சொழிவு உற்றார் சிலர் இரவில் அடிக்கடி விழித்தெழுதலைக் குறையாகக் கூறுவர். சிலர் பகலுறக்கத்தைக் கூறுவர். ஆதலின் ஒரே நோய் இரு தொகுதியிலும் இடம்பெறுவதாயிற்று. 1990இல் வெளிவந்த ‘உறக்கக் கோளாறுகளின் பன்னாட்டுப் பாகுபாடு’ காரணத்தை அடியாகக் கொண்டது. உடலினுள்ளே தோன்றும் கோளாறு, புறத்தினின்று வரும் கோளாறு எனப் பிரித்து, மூச்சொழிவை அகக்கோளாறுகளுள் ஒன்றாக வைத்தது. 2005இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலே ‘உறக்கஞ் சார்ந்த மூச்சுக்கோளாறுகள்’ என்னும் தனித்தொகுதி அமைந்தது. 2014ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பும், 2023இல் அதற்குச் செய்த திருத்தமும் இவ்வமைப்பையே போற்றின. அத்தொகுதியில் அடைப்புவகை மூச்சொழிவு, மையவகை மூச்சொழிவு, உறக்கத்தில் காற்றோட்டக் குறை, உறக்கத்தில் பிராணவாயுக் குறை என்னும் நான்கும் அடங்கும். வெறுங்குறட்டை நோயாக எண்ணப்படாது தனியே குறிக்கப்படும். பர்வெல் கண்ட நோயாளரைப் போன்றார் இன்று பருமனால் வரும் காற்றோட்டக் குறையில் அடங்குவர். அவருட் பலர்க்கு அடைப்புவகை மூச்சொழிவும் உடனிருக்கும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் நோய்ப்பட்டியலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதன் பத்தாம் பதிப்பில் உறக்கக் கோளாறுகள் சிதறிக் கிடந்தன. சில மனநோய்களின் அதிகாரத்திலும், மூச்சொழிவு முதலிய சில நரம்புநோய்களின் அதிகாரத்திலும் வைக்கப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் இவையெல்லாம் ஒன்றுதிரட்டப்பட்டு, உறக்க விழிப்புக் கோளாறுகள் எனத் தனி அதிகாரம் பெற்றன. உறக்கம் மனத்தின் பகுதியோ நரம்பின் பகுதியோ என்னும் வழக்கு ஒருவாறு தீர்ந்து, அது தனக்கென ஓர் இல்லம் பெற்றது எனலாம்.

வகை

மூச்சொழிவின் இயல்பு நோக்கி அதனை அடைப்பு, மையம், கலப்பு என மூன்றாகக் கொள்வர். இவற்றைப் பிரித்தறியும் வழி எளியது. மூக்கின் முன்னர்க் காற்றின் ஓட்டத்தை அளக்கும் கருவியும், மார்பிலும் வயிற்றிலும் அசைவை அளக்கும் கச்சைகளும் அமைப்பர். காற்று நின்றும் மார்பு அசைந்துகொண்டிருப்பின் அடைப்புவகை. முயற்சி உண்டு, வழி இல்லை. காற்றும் நின்று மார்பும் நின்றிருப்பின் மையவகை; வழி உண்டு, முயற்சி இல்லை. முதலில் முயற்சியின்றித் தொடங்கிப் பின்னர் முயற்சி தோன்றியும் வழி திறவாதிருப்பின் கலப்புவகை.

அடைப்புவகையே பெருவழக்கு. பருமன், கழுத்தின் பருமை, பின்னொதுங்கிய தாடை, பெருத்த உள்நாக்குச் சதைகள், முதுமை ஆகியன இதற்குத் துணைக்காரணங்கள். மதுவும், உறக்கமருந்துகளும் தசையைத் தளர்த்தி இதனை மிகுவிக்கும். ஆடவர்க்கு மிகுதி, பெண்டிர்க்கு மாதவிடாய் நின்ற பின்னர் மிகும். மெலிந்த உடலினர்க்கும் தாடையின் அமைப்பால் இது வருதல் உண்டு. ஆதலின் பருமன் இன்மையால் நோயும் இன்று எனத் துணிதல் தவறு.

மையவகையில் தவறு தொண்டையில் இல்லை. மூச்சை ஏவும் மூளையின் ஆணையில் உள்ளது. உறக்கத்தில் மூச்சை நடத்துவது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவின் அளவே. அவ்வளவு ஓர் எல்லைக்குக் கீழே தாழின், மூச்சுக்கு வேண்டுதல் இல்லையென மூளை ஆணையை நிறுத்திவிடும். இருதயம் மெலிந்தார்க்கு இரத்தம் நுரையீரலினின்று மூளையைச் சேர்தல் தாமதமாகும். செய்தி பிந்தி வருதலின், மூளை ஒருகால் வேண்டிய அளவைக் கடந்து மூச்சை விரைவிக்கும். ஒருகால் அறவே நிறுத்தும். செயின் 1818இல் கண்ட ஏற்றத்தாழ்வு இதுவே. உயர்ந்த மலைகளில் உறங்குவார்க்கும் இவ்வாறு நிகழும். அங்கே பிராணவாயுக் குறைவால் மூச்சு மிகுந்து, அதனாற் கரியமிலவாயு குறைந்து, மூச்சு நிற்கின்றது. இத்தாலி நாட்டு மோஸோ என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாண்ட்டே ரோஸாச் சிகரத்தில் இதனை ஆராய்ந்தார்.

மையவகையின் விரி எட்டாகும்: செயின்–ஸ்டோக்ஸ் மூச்சோடு கூடியது, அஃதின்றிப் பிற நோயால் வருவது, மலையுயரத்தில் வருவது, அபினி சார்ந்த மருந்து முதலியவற்றால் வருவது, காரணம் விளங்காதது, பச்சிளங் குழவிக்கு வருவது, குறைமாதத்திற் பிறந்த குழவிக்கு வருவது, அடைப்புவகைக்குச் சிகிச்சை தொடங்கியபின் புதிதாகத் தோன்றுவது. இவ்வெட்டும் பெயரளவில் ஒன்றாயினும் காரணத்தால் வேறாதலின் மருந்தாலும் வேறாவன.

அளவு

வகை அறிந்த பின் வன்மை அறிதல் வேண்டும். காற்றோட்டம் பத்து நொடிக்குக் குறையாமல் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காயினும் குறைந்திருப்பது ஒழிவு. முப்பது பங்காயினும் குறைந்து, உடன் பிராணவாயு வீழ்ச்சியேனும் விழிப்பேனும் நேர்வது குறைவு. இவ்விரண்டும் ஒரு மணிநேர உறக்கத்தில் எத்தனை எனக் கணக்கிட்ட எண்ணை ஆங்கில முதலெழுத்துக்களால் ஏ.எச்.ஐ. என்பர், நாம் ‘மணியெண்’ என்பாம். முதியோர்க்கு இவ்வெண் 5க்குக் கீழாயின் இயல்பு. 5 முதல் 15க்குட்பட்டது இலேசு. 15 முதல் 30க்குட்பட்டது நடுத்தரம். 30உம் அதன் மேலும் கடுமை. மணியெண் 30 எனின் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை மூச்சுத் தடைப்படுகின்றது. ஏழு மணிநேரத்தில் 210 முறை. 15க்கு மேற்படின் வேறு குறி இல்லையாயினும் நோயே. 5 முதல் 15 வரை பகலுறக்கம் முதலிய குறிகளோ, இரத்த அழுத்தம் முதலிய உடன்நோய்களோ இருப்பினே நோயெனப்படும். குழந்தைகட்கோ மணிக்கு ஒன்று நிகழினும் ஆராயத்தக்கது.

இவ்வெல்லைகள் இயற்கை வகுத்தவை அல்ல. அறிஞர் கூடி உடன்பட்டவை. பிராணவாயு வீழ்ச்சியை நூற்றுக்கு 3 எனக் கொள்வாரும் உளர். 4 எனக் கொள்வாரும் உளர். கொள்ளும் அளவு மாறின், ஒரே இரவில் ஒரே நோயாளர் பெறும் மணியெண்ணும் மாறும். எண் துல்லியமாகத் தோன்றுகின்றது என்பதனாலேயே அது முழுவுண்மை எனக் கருதலாகாது.

நோயின் பரப்பையும் இவ்வெண்ணே உணர்த்திற்று. 1993இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், 30 முதல் 60 வயது வரையுள்ள அரசாங்க ஊழியரை ஆராய்ந்தபோது, ஆடவருள் நூற்றுக்கு 24 பேர்க்கும் பெண்டிருள் 9 பேர்க்கும் மணியெண் 5ஐத் தொட்டது. பகலுறக்கமும் உடன் உடையார் முறையே 4 பேரும் 2 பேருமே. 2019இல் வெளிவந்த ஒரு கணிப்பு, உலகில் 30 முதல் 69 வயதுவரை மணியெண் 5க்குக் குறையாதார் ஏறத்தாழ 93 கோடியே 60 லட்சம் பேர் என்றும், 15க்குக் குறையாதார் 42 கோடியே 50 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. இவருட் பெரும்பாலார் தம் நோயை அறியாதவர்.

வகுத்தலின் பயன்

பெயரும் பிரிவும் ஏட்டளவில் நிற்பன என்று எண்ணுவார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

1981க்கு முன்னர்க் கடுமையான அடைப்புவகைக்கு உறுதியான மருந்து, கழுத்திலே துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுதலே. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து காலின் சல்லிவனும் அவர் நண்பரும் புதியதொரு வழியை வெளியிட்டனர். மூக்கின்மேல் ஒரு கவசம் பொருத்தி, அதன்வழி இடைவிடாது சிறு அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினர். அக்காற்று உள்ளிருந்து சுவர்களைத் தாங்கி, தொண்டை மடங்காமற் காத்தது. முதலில் ஐந்து நோயாளரிடத்தே இது கையாளப்பட்டது. ‘சிபாப்’ என வழங்கும் இக்கருவியே இன்றும் முதற்சிகிச்சையாக உள்ளது. அடைப்பு எங்கே என அறிந்தமையால் விளைந்த பயன் இது.

இனி மறுபக்கம். இருதயம் மெலிந்து மையவகை மூச்சொழிவு உற்றவர்க்கு, அவர்தம் மூச்சுக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றும் நுண்ணிய கருவி ஒன்றை அமைத்து 1,325 பேரிடத்தே ஆராய்ந்தனர். 2015இல் முடிவு வெளியாயிற்று. மணியெண் நன்கு குறைந்தது. ஆனால் கருவி பெற்றவரிடையே இருதயநோயால் இறந்தார் தொகை மிகுந்தது! எண் தாழ்ந்தது, உயிரும் தாழ்ந்தது. ஒருவகைக்கு உதவுவது மற்றொருவகைக்கு ஊறு செய்தலும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

குழந்தைகள் திறத்தில் வகுத்தலின் பயன் பின்னும் உருக்கமானது. 1889இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹில், பள்ளியிற் பின்தங்கிய சிறாருட் சிலர்க்கு மூக்கடைப்பும் வாய்வழி மூச்சுமே மந்தத்திற்குக் காரணம் என எழுதினார். 1892இல் வில்லியம் ஆஸ்லர் தம் மருத்துவ நூலில், உள்நாக்குச் சதை பெருத்த குழந்தைகள் இரவில் ஒலியுடன் மூச்சுவிட்டு, இடையிடையே மூச்சு நின்று, பகலில் மந்தமாக இருத்தலை வருணித்தார். இக்குழந்தைகட்கு அச்சதைகளை அகற்றுதலே பெரும்பாலும் சிகிச்சை. 2013இல் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளிடத்தே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில், அகற்றியபின் உறக்கமும் நடத்தையும் நலம்பெற்றன. கருத்தூன்றும் ஆற்றலை அளந்த தேர்வில் மட்டும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எந்தக் குழந்தைக்கு அறுத்தல் வேண்டும், எதற்குப் பொறுத்தல் போதும் என்பதை ஆய்ந்தே துணிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எண்ணுக்கு அப்பால்

மணியெண் ஒத்த இருவர் நோயால் ஒத்தவர் ஆகார். அடைப்புவகையினுள்ளும் நான்கு இயல்புகளைப் பிரித்தறியவேண்டும் என 2013 முதல் ஆராய்ச்சியாளர் வற்புறுத்துகின்றனர்: தொண்டை எளிதில் மடங்கும் தன்மை, தசைகள் எதிர்த்துத் திறக்கும் ஆற்றல், சிறு தூண்டலிலேயே விழித்துவிடும் இயல்பு, மூச்சை நடத்தும் ஆணையின் நிலையின்மை. ஒருவர்க்கு முதலியல்பே முதன்மை. மற்றொருவர்க்கு நான்காவதே முதன்மை. சிகிச்சைகளும் இதற்கேற்பப் பலவாயின. தாடையை முன்னிழுக்கும் பற்கவசமும், நாவின் நரம்பைத் தூண்டும் சிறு கருவியும், உடலெடையைக் குறைத்தலும் அவற்றுட் சில. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், பருமனோடு கூடிய அடைப்புவகைக்கு எடைகுறைக்கும் டிர்செப்படைடு என்னும் ஊசிமருந்தை அமெரிக்க அரசாங்கம் ஏற்றது.

சிபாப் கருவியின் எல்லையையும் மறைத்தலாகாது. அது பகலுறக்கத்தைப் போக்கும்; இரத்த அழுத்தத்தையும் ஓரளவு தணிக்கும். எனினும் முன்னரே இருதய, மூளை இரத்தக்குழாய் நோயுற்ற 2,717 பேரிடத்தே நிகழ்ந்து 2016இல் வெளியான ஆராய்ச்சியில், அந்நோய்களின் புதிய தாக்குதலை அது குறைத்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் கருவியை இரவில் சராசரி மூன்றேகால் மணிநேரமே அணிந்தனர் என்பதும் கருதத்தக்கது. பெட்டியிற் கிடக்கும் கருவி யாரையும் காவாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், துயிலிடை மூச்சொழிவு ஒரு நோயன்று, பல நோய்களின் தொகுதி என்பதும், தொகுத்த முறை காலந்தோறும் திருந்தியது என்பதும், வகையறியாது செய்யும் மருத்துவம் தீங்காதலும் கூடும் என்பதும், எண் வழிகாட்டியேயன்றி முடிந்த முடிபன்று என்பதும் விளங்கும்.

என் தந்தையார் ஒருநாள் மாலை மோட்டார் சைக்கிளிற் செல்லும்போதே உறங்கி வாய்க்காலில் வீழ்ந்தார். தோளெலும்பு முறிந்தமைக்குச் சென்ற இடத்தில், உடன் படுத்திருந்த நோயாளர்கள் அவருடைய குறட்டை நின்று நின்று எழுதலைக் கேட்டு அஞ்சி மருத்துவரிடம் கூறினர். ஆராய்ந்தபோது மணியெண் 46, அடைப்புவகை. அதாவது நாங்கள் சோம்பல் என எள்ளிய ஆண்டுகளில், ஏறத்தாழ எண்பது நொடிக்கு ஒருமுறை மூச்சுத் தடைப்பட்டு, அதனோடு இரவெல்லாம் போராடிவிட்டு, காலையில் எழுந்து எட்டு மைல் சென்று பாடம் நடத்தினார். கருவி அணியத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், பிற்பகல் வகுப்பில் நின்றுகொண்டே செய்யுட் பாடம் முழுதும் நடத்தி முடித்ததாக எனக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை வைத்திருக்கின்றேன். அதற்கு விடையாக எழுதவேண்டிய மன்னிப்பை இன்னும் எழுதி முடித்திலேன்.

விடுதியில் வாழும் நண்பர்களே, அடுத்த கட்டிலில் உறங்குவானுடைய குறட்டையைக் கேட்டு நகைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வொலி இடையே நின்று, ஒன்று முதல் பத்து வரை எண்ணும் அளவும் எழாதிருந்து, பின் சீற்றத்துடன் எழுமாயின், மறுநாட் காலையில் அதனை அவனுக்குக் கூறுங்கள். அவன் தானாக அதனை அறிய வழியில்லை. விழித்திருக்கும் பிறரே அவனுக்குச் சான்று. வகுப்பில் உறங்கும் மாணவனைக் காணும் ஆசிரியப் பெருமக்களும், சோம்பல் எனத் தீர்ப்பதற்கு முன்னர், ‘இரவில் எவ்வாறு உறங்கினாய்?’ என ஒருமுறை வினவுவாராக.